பின்சீட்டுக் கனவு

ஒரு பிள்ளையின் நித்திரை ஆக்லாந்தில் மணிக்கு இருநூற்று இருபது டொலர், ஜிஎஸ்டி தனி. எப்சமில், மனநல ஆலோசகர் எலிசபெத்தின் அறை வாசலில் ஒட்டியிருந்த அந்த விலையைக் கண்டதும் பிரதாபனுக்குப் பேரம் பேச வாய் ஊறியது. மனுகாவில் பழைய ஜப்பான் கார் விற்கிறவன். சொன்ன விலைக்கு வாங்குகிறவனை அவன் மனிதரில் சேர்ப்பதில்லை.

“பத்துத் தடவைக்குச் சேர்த்துக் கட்டினால் எவ்வளவு குறைப்பியள், மிஸ்?”

“நீங்க பத்துத் தடவை வராம இருக்கத்தான் நான் வேலை பாக்குறேன்,” என்றாள் எலிசபெத். மலேசியாக்காரி. தமிழ் தெரிந்தவள் என்று யாரோ சொல்லித்தான் மாஸி என்ற புறநகரிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார்கள்.

இதற்கு முன் வாங்கிய வைத்தியம் எதற்கும் வாரன்டி இருக்கவில்லை. கோயிலில் கட்டிய நூல் குளிக்கையில் அறுந்தது. நாவூறு கழித்தபோது மிளகாய்ப் புகைக்கு வீட்டு அலாரம் அலறி, பக்கத்து வீட்டுக்காரன் ஓடி வந்ததுதான் மிச்சம். யூடியூப்பை நிறுத்தினார்கள்; ஏழு வயதுப் பிரணவி அலறுவதை நிறுத்தவில்லை. வாயில் மண் என்று துப்பிக்கொண்டு எழும்பினாள். இப்போது படுக்கவே பயம். கண்ணுக்குக் கீழே கரி தடவினது போல இருந்தது. வகுப்பில் நின்றபடியே சரிந்து விழுந்து நெற்றி வெடித்ததில் மூன்று தையல்.

“கனவுல என்ன வருதாம்?”

“மணல் எண்டுதான் சொல்லுவாள். கடற்கரைக்குப் போன பயமாக்கும்,” என்றாள் தாய் நிருஜா.

பிரதாபன் ஜன்னலைப் பார்த்தான். பிரணவி தரையில் இருந்து படம் கீறிக்கொண்டிருந்தாள்.

“காய்ச்சல், நேரம் தவறின தூக்கம், பாக்கக் கூடாத படம், பெரியவங்க பேச்சு. காரணம் எதுவா வேணும்னாலும் இருக்கலாம். வீட்டுல என்ன பேசுவீங்க?”

“வீட்டில நான் ஒண்டும் கதைக்கிறேல்லை.”

அது உண்மை. அவன் கதைப்பது காரில். சனிக்கிழமை காலையில் மகளை நடன வகுப்புக்கு ஏற்றிப் போகையில் டொரொண்டோவிலிருந்து அவனுடைய ரதியக்கா போன் எடுப்பாள். ஸ்பீக்கரில் போடுவான். அக்காவிடம் ஒரே கதைதான்: வன்னியில் கடைசிச் சண்டை, பங்கர்க் குழி, புகை, தம்பி சஞ்சீவன்.

எலிசபெத் கேட்கக் கேட்க இவ்வளவும் ஒவ்வொன்றாக வந்தது.

“அப்போ பின்சீட்டுல யாரு?”

“இவள்தான். ஆனா இவளுக்குத் தமிழ் விளங்காது, மிஸ். எதைக் கேட்டாலும் இங்கிலீஷ்தான். இவளுக்குத் தெரியக்கூடாததை எல்லாம் நாங்கள் தமிழிலதான் கதைக்கிறது.”

வாடிக்கையாளன் முன்னாலேயே கூட்டாளிக்குக் கண்ணைக் காட்டி விலை முடிக்கிற சாமர்த்தியம் அவன் குரலில் இருந்தது.

“வாயில வராதது காதுல போகாதா?” எலிசபெத் படத்தைத் தன் பக்கம் திருப்பினாள். மேலே ஐந்து பேர், ஒருத்தி விரல் நீட்டியபடி. கீழே குழியில் ஒரு சின்ன உருவம்.

பிரணவி இங்கிலீஷில், பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள்: அப்பம்மா எண்ணுகிறா. புகையில் பக்கத்துப் பங்கர்ப் பிள்ளையையும் சேர்த்து எண்ணிவிட்டா. கணக்குச் சரி, அதனால் எல்லாரும் நடந்து போகிறார்கள். நான் கீழே இருந்து கத்துகிறேன். ஆனால் என்னை ஏற்கெனவே எண்ணியாச்சு.

“எனக்கே நீங்கள் இதைச் சொல்லேல்லையே,” என்றாள் நிருஜா கணவனிடம்.

எலிசபெத் தன் வழியைச் சொன்னாள். காரில் அந்தப் பேச்சு இனி வேண்டாம். படுக்கிற நேரம் மாறக்கூடாது. பகல் வெளிச்சத்தில் அதே கனவைப் பிள்ளை திரும்பக் கீறி, தனக்குப் பிடித்த முடிவைத் தானே வைத்து, தினமும் சொல்லிப் பழக வேண்டும்.

“அப்ப எல்லாரும் வெளியில வந்திட்டினம் எண்டு சொல்லிவிடுவம்,” என்றான் பிரதாபன். “ஒரு பொய். மலிவா முடிஞ்சிடும்.”

“கனவை அவ மாத்தலாம். நடந்ததை நீங்க மாத்தினா, அப்புறம் உங்ககிட்ட எதையும் கேக்க மாட்டா. கேக்காத பிள்ளை தனியா கிடந்து பயப்படும்.”

பிரணவி குழிக்குள் ஒரு ஏணியைப் பாதி கீறிவிட்டு நிமிர்ந்தாள்.

“சித்தப்பா வந்தவரோ?”

தமிழ். ரதியக்காவின் அதே இழுப்பு.

ஆயில் ஒழுகுகிற எஞ்சினை முகம் மாறாமல் விற்றவன் பிரதாபன். ‘ஓம்’ என்று ஒரு சொல் சொன்னால் இன்றைக்கு அவள் நித்திரை கொள்ளக்கூடும். அவனும் கதிரையை விட்டு இறங்கி அவளோடு தரையில் இருந்தான்.

“இல்லைக் குஞ்சு. வரேல்லை. திரும்பி ஓடிப்போய்ப் பார்க்க எல்லாம் மண் மூடிக் கிடந்தது.”

“கத்தினவரோ?”

“தெரியாதம்மா.”

அவள் அழவில்லை. ஏணியைத் தொடவும் இல்லை. மேலே நின்ற ஐந்து பேரில் பக்கத்துப் பங்கர்ப் பிள்ளையைக் கறுப்பால் வட்டமிட்டு ஒதுக்கிவிட்டு, அவன் விரலைப் பிடித்துப் படத்தில் வைத்தாள். திரும்ப எண்ணு, இந்த முறை சரியாக எண்ணு என்று இங்கிலீஷில் சொன்னாள்.

அவன் எண்ணினான். அம்மா. ஐயா. ரதியக்கா. நான்.

“உள்ளுக்குப் போனது அஞ்சு,” என்றான். “வந்தது நாலு. ஒராள் குறையுது.”