தென்னேரிப் பச்சை

மதனவதியின் வீட்டுக்குள் தண்ணீர் நுழைவது அவ்வளவு லேசான காரியம் இல்லை. கிணற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ, எதுவானாலும் வாசலைத் தாண்டியதும் இரண்டாக மடித்த வெள்ளைத் துணியில் வடிந்தாக வேண்டும். குடிப்பதற்கென்றால் காய்ச்சி ஆற வைக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கும் கேன் தண்ணீருக்கும் விதிவிலக்கு கிடையாது. "கம்பெனியிலயே மிஷின் வெச்சு வடிகட்டிதாம்மா அனுப்பறாங்க" என்று கேன் போடும் தினேஷ் ஒருநாள் சிரித்தான். "மிஷினுக்குப் பாவ புண்ணியம் தெரியுமாப்பா?" என்று கேட்டு அவன் வாயை அடைத்துவிட்டாள்.

வடிகட்டுவதோடு வேலை முடியாது. துணியில் தங்கியது எந்தத் தண்ணீரிலிருந்து வந்ததோ, அந்தத் தண்ணீருக்கே திரும்பிப் போக வேண்டும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அவை உயிர்கள். இடம் மாற்றி விட்டால் செத்துப்போகும். திருப்பருத்திக்குன்றத்து ஜைனக் குடும்பங்களில் இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. பிள்ளைகள் பார்த்தே பழகிவிடும். மதனவதியின் மகள் ஜனனி சின்ன வயதில் அந்தத் துணியை ஈரம் காயாமல் கிண்ணத்தில் ஏந்திக்கொண்டு, அம்மாவுக்கு முன்னால் கிணற்றடிக்கு ஓடுவாள். யாராவது வழியில் பேச்சுக் கொடுத்தால் "நகருங்க, இதுக்கு மூச்சு முட்டும்" என்பாள்.

அந்த ஜனனி இப்போது காஞ்சிபுரத்துக் கல்லூரி ஒன்றில் வேதியியல் இரண்டாம் ஆண்டு முடிக்கப் போகிறாள். மாசி மாதம் நீர்ச் சோதனைக்காக வகுப்போடு தென்னேரி ஏரிக்குப் போனவள், மதகு ஓரத்துத் தண்ணீரைக் கொஞ்சம் பாட்டிலில் பிடித்து வந்தாள். கூடப் படிக்கும் சுகாசினியின் அப்பாவுக்குச் சாயப்பட்டறையில் வேலை. பட்டுக்குச் சாயம் போட்டு மிஞ்சிய அரக்குச் சிவப்புத் தண்ணீரைச் சுகாசினி கொண்டுவந்து கொடுத்தாள். ஜனனி அதை இரண்டு கண்ணாடி பாட்டில்களில் ஊற்றி, ஒன்றில் மட்டும் ஏரித் தண்ணீரைச் சேர்த்து, ஜன்னலில் வைத்தாள். நாளாக ஆக அந்த பாட்டிலில் சிவப்பு வெளுத்து வெளுத்துப் பன்னீர் ரோஜா நிறத்துக்கு வந்தது. பக்கத்து பாட்டில் அரக்குச் சிவப்பாகவே இருந்தது.

"தென்னேரித் தண்ணி சாயத்த எடுத்துடுது பாரும்மா" என்று காட்டினாள் ஜனனி.

"அடியில என்னாமா பச்சையா?"

"அதுவா, அழுக்கு."

மதனவதி நம்பினாள். மகள் சொன்னதை நம்பாமல் வேறு யார் சொன்னதை நம்புவாள்?

கல்லூரியில் சிவராஜ் சார் அந்த இரண்டு பாட்டில்களையும் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. சென்னையில் பெரிய ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. இரண்டாம் ஆண்டு முடித்த பி.எஸ்ஸி. பிள்ளைகளில் சிலரை ஒவ்வொரு கோடையிலும் இரண்டு மாதம் அழைத்து, விஞ்ஞானிகளோடு சேர்த்து ஆராய்ச்சி செய்ய வைப்பார்கள். அங்கே போய்வந்த பிள்ளைக்கு மேற்படிப்புக் கதவுகள் தானாகத் திறக்கும். சார் தன் கைப்பட சிபாரிசு எழுதி, ஜனனியை விண்ணப்பிக்க வைத்தார். அந்தக் கல்லூரியிலிருந்து அதுவரை ஒருவரும் தேர்வானதில்லை. ஜனனி தேர்வானாள். வரும்போது அந்த ஏரியிலிருந்து எடுத்ததைக் கையோடு கொண்டுவர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

அவளுடைய அப்பா ஜினதாஸ் அரிசி மண்டி வைத்திருந்தார். சிப்பம் வாங்க வந்தவர்கள் எல்லாரும் மகளின் ஆராய்ச்சியைக் கேட்டுவிட்டுத்தான் அரிசியைத் தூக்க முடிந்தது. மதனவதிக்குப் பெருமை ஒரு பக்கம், கவலை ஒரு பக்கம். இருட்டிய பிறகு சாப்பிடுவதும் மண்ணுக்குள் விளையும் கிழங்கும் அவர்கள் வீட்டில் ஆகாது. பொழுது சாய்வதற்குள் சாப்பாடு போடுவார்களா, கிழங்கு கலக்காத குழம்பு கிடைக்குமா என்று மகளைப் பிடுங்கி எடுத்தாள். "அதெல்லாம் பாத்துக்கலாம்மா, மொதல்ல நான் போய்ச் சேர்றேன்" என்று ஜனனி அம்மாவின் கன்னத்தைக் கிள்ளினாள். மகள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து மதனவதி பார்த்ததே இல்லை.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு ஜனனியும் சுகாசினியும் தென்னேரிக்குப் போய்ப் பெரிய பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி வந்தார்கள். கோடையில் ஏரி வற்றிக் கிடக்கும்போதுதான் அது கிடைக்கும், மழை இறங்கினால் போச்சு என்று சார் அவசரப்படுத்தியிருந்தார். பாட்டில்களைப் பின்கட்டில் வைத்துவிட்டு, "பத்திரமா பாத்துக்கோம்மா. இதுலதான் எல்லாமே இருக்குது" என்றாள் ஜனனி.

மறுநாள் அவள் சாரிடம் சொல்லிக்கொள்ளக் கல்லூரிக்குப் போயிருந்தாள். மதனவதி பின்கட்டுக்கு வந்து பாட்டில்களைப் பார்த்தாள். தண்ணீர் முழுக்கப் பச்சைப் பச்சையாக நூல் நூலாக மிதந்தது. அவளுக்கு மனசு கேட்கவில்லை. பிள்ளை ஓடுகிற ஓட்டத்தில் வடிகட்ட மறந்துவிட்டது. இத்தனை அழுக்கோடு போனால் சென்னைக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? மூடி போட்ட பாட்டிலுக்குள் இத்தனை உயிர்கள் பட்டணம் போய்ச் சேருவதற்குள் புழுங்கிச் சாக வேண்டுமா? அந்தப் பாவம் மகளின் புது வாழ்க்கையின் முதல் நாளிலேயே வந்து ஒட்டிக்கொள்ள வேண்டுமா?

துணியைத் துவைத்து மடித்து, ஒவ்வொரு பாட்டிலாக வடிகட்டினாள். தண்ணீரைக் காய்ச்சி ஆற வைத்தாள். பாட்டில்களைப் பளிச்சென்று தேய்த்துக் கழுவி, அந்தத் தண்ணீரையே திரும்ப ஊற்றி, மகள் வாங்கி வைத்திருந்த தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி மூடினாள். துணியில் தங்கிய பச்சையை ஒரு தூக்குவாளியில் கொஞ்சம் ஏரித் தண்ணீர் விட்டு வைத்திருந்தாள். தென்னேரி உயிர் தென்னேரிக்குத்தானே போக வேண்டும்? கொளுத்துகிற வெயிலில் வாலாஜாபாத்துக்கு பஸ் ஏறி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து, ஏரிக்கரையில் இறங்கி, வாளியை மெல்லச் சாய்த்தாள். பச்சை நூல்கள் தண்ணீரில் பிரிந்து போனதைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு வந்தாள். பொழுது சாய்வதற்குள் வீட்டில் சாப்பாடும் தயார். எல்லாம் பெட்டியில் அடுக்கியாயிற்று என்று அம்மா சொன்னதும், கிளம்பும் அவசரத்தில் ஜனனி பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை.

அன்று இரவு பெருமழை. மகள் மழையோடு கிளம்புவது நல்லதற்குத்தான் என்று மதனவதி நினைத்துக்கொண்டாள்.

விடிந்ததும் ஜினதாஸ் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு மகளைச் சென்னைக்கு அழைத்துப் போனார். உச்சி வெயில் நேரத்தில் ஜனனியிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, பாட்டில் தண்ணிய நீ எதுனா பண்ணியா?"

மதனவதி சந்தோஷமாகவே சொன்னாள். "பின்ன? அப்படியே அழுக்கோட அனுப்புவனா? வடிகட்டிக் காய்ச்சி ஆறவெச்சு ஊத்தினேன். பாட்டிலெல்லாம் தேய்ச்சுக் கழுவினேன்."

"துணியில இருந்தது?"

"அத ஏன் கேக்கற. நானே தென்னேரி வரைக்கும் எடுத்துக்கினு போயி ஏரியிலயே விட்டுட்டு வந்தேன்."

பிறகு ஜனனி, "சரிம்மா" என்றாள்.

"ஏன்மா, எதுனா ஆயிடுச்சா?"

"இல்லம்மா. அப்பாவ பஸ் ஏற வேணாம்னு சொல்லிட்டேன். நானும் கூட வந்துடறேன்."

"இன்னைக்கேவா? ரெண்டு மாசம்னு சொன்னியே?"

போன் வைக்கப்பட்டுவிட்டது.

ஜனனி வந்து சொன்னபோதுதான் மதனவதிக்கு விஷயம் விளங்கியது. சாயத்தை எடுத்தது தண்ணீர் இல்லை. அந்தப் பச்சைப் பாசிதான். அது உயிரோடு இருந்து சாயத்தை உறிஞ்சிக்கொண்டது. அவர்கள் கேட்டது அந்த உயிரைத்தான். ஆய்வுக்கூடத்தில் பெட்டியைத் திறந்தபோது பாட்டில்களில் குடிதண்ணீர் இருந்தது.

"அழுக்குன்னு சொன்னியேம்மா" என்றாள் மதனவதி.

"உயிருன்னு சொன்னா நீ அதுல சாயத்த ஊத்த விட்டிருப்பியா?"

மதனவதி யோசித்துப் பார்த்தாள். விட்டிருக்க மாட்டாள். அது அவர்கள் இருவருக்குமே தெரியும்.

விஞ்ஞானி கோபிக்கவில்லையாம். ஒரு வாரத்துக்குள் மறுபடி எடுத்து வந்தால் சேர்ந்துகொள்ளலாம் என்றிருக்கிறார். மறுநாள் காலையிலேயே மூன்று பேரும் தென்னேரிக்கு ஓடினார்கள். ஏரி செம்மண் கரைசலாகக் கிடந்தது. மதகு ஓரத்தில் ஜனனி முழங்கால் தண்ணீரில் இறங்கித் துழாவினாள். மதனவதியும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தான் வாளியைச் சாய்த்த இடத்தில் இறங்கினாள். "இங்கதான்மா விட்டேன். இந்தக் கல்லாண்டதான் விட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒரு கை சேற்றை அள்ளி, விரலிடுக்கில் பச்சை தெரிகிறதா என்று பார்த்து, மறுபடி அள்ளினாள். ஜினதாஸ்தான் கடைசியில் இருவரையும் கைபிடித்துக் கரையேற்றினார்.

ஜன்னல் பாட்டிலில் இருந்த பழைய பாசி சாயத்திலேயே எப்போதோ செத்துப்போயிருந்தது. தூரத்தில் கிடந்த வேறு பாசியைக் கொண்டுவந்து சாயத்தில் போட்டுப் பார்த்தார்கள். வாரம் முடிந்தும் சிவப்பு அசையவில்லை. இடம் வேறொரு பிள்ளைக்குப் போனது. அடுத்த வருடம் கேட்கலாமே என்றார் ஜினதாஸ். மூன்றாம் வருடம் முடித்தவர்களை எடுப்பதில்லை என்றாள் ஜனனி. அதற்குமேல் அதைப் பற்றி அவள் பேசவில்லை. அம்மாவை ஒரு சுடுசொல் சொல்லவும் இல்லை. திட்டித் தீர்த்திருந்தால்கூட மதனவதிக்குச் சோறு இறங்கியிருக்கும்.

பத்துப் பதினைந்து நாள் கழித்துச் சுகாசினி வந்தாள். ஜனனி கடைக்குப் போயிருந்தாள்.

"ஏன் ஆன்ட்டி இவ இப்படிப் பண்ணா? சென்னையில இருந்து சாருக்கு லெட்டர் வந்துக்குது. நேத்து எங்க ரெண்டு பேரையும் கூப்ட்டு கேட்டாரு. இவ என்னடான்னா, நான்தான் சார், சுத்தமா இருக்கட்டும்னு வடிகட்டிக் காய்ச்சிட்டேன்னு சொல்றா."

"யாரு, ஜனனியா சொன்னா?"

"ஆமா ஆன்ட்டி. பாசி செத்துப்போவும்னு தெரியாதா உனக்கு, இதுகூடத் தெரியாதவளுக்கா நான் சிபாரிசு பண்ணேன்னு சாரு கத்திட்டாரு. இனிமே எந்த எடத்துக்கும் உன் பேர எழுத மாட்டேன்னுட்டாரு. இவ தலய குனிஞ்சுக்கினு நிக்கறா." சுகாசினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவதான எனக்கே சொல்லிக்குடுத்தா ஆன்ட்டி. மூடிய லேசா தொறந்து வெய்யி, அதுக்கு மூச்சு முட்டும்னு."

மதனவதி வாசலுக்கு வந்து மகளுக்காகக் காத்திருந்தாள்.

ஜனனி வந்ததும், "நாளைக்கு நான் வந்து உங்க சாருகிட்ட சொல்றேன். நான்தான் பண்ணேன்னு சொல்றேன்" என்றாள்.

"வேணாம்மா."

"ஏன் வேணாம்? உன் பேரு போவுதே."

"அந்த லேப்ல பெட்டிய தொறந்தப்ப எல்லாரும் சிரிச்சாங்கம்மா. நான்னு நெனச்சு சிரிச்சாங்க, அது பரவால்ல. உயிரக் காப்பாத்த வெயில்ல பஸ் ஏறிப் போனவள வெச்சு யாரும் சிரிக்க வேணாம். அதுவுமில்லாம உன்கிட்ட மறைச்சது நான்தான?" சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் மூவரும் பேருக்குச் சாப்பிட்டார்கள். மதனவதி தீர்த்தங்கரர் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி உட்கார்ந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு மாலையும் விடாமல் சொல்லும் வேண்டுதல் அது. தெரிந்தும் தெரியாமலும் தன்னால் துன்பப்பட்ட எல்லா உயிர்களிடமும் மன்னிப்புக் கேட்பது. புழு, பூச்சி, தண்ணீரில் வாழ்வது, மண்ணில் வாழ்வது என்று நாக்கு தானாக ஓடும். மனசு அடுத்த நாள் குழம்பைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும்.

இன்று தண்ணீரில் வாழ்வது என்ற இடத்தில் நாக்கு நின்றுவிட்டது. ஏரி உயிர்களுக்கு அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. தூக்குவாளியில் சுமந்துபோய் அதனதன் வீட்டில் விட்டுவிட்டாள். அவளால் துன்பப்பட்ட உயிர் பக்கத்து அறையில் விளக்குப் போடாமல் படுத்திருந்தது. அங்கே ஜன்னலில், பாசி போடாத பாட்டில் இன்னும் அரக்குச் சிவப்பாகவே இருந்தது.

ஜனனி எழுந்து வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா விட்ட இடத்திலிருந்து எடுத்து, கடைசி வரை அவளே சொல்லி முடித்தாள். எல்லா உயிர்களையும் நான் மன்னித்தேன் என்ற வரி வந்தபோது மதனவதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மதனவதி மகளின் மடியில் கவிழ்ந்து அழுதாள்.