வீப்கேவுக்கு ஒரு கைதட்டல்

வீப்கே ஹார்ம்ஸுக்கு அறுபத்தெட்டு வயது. இடது முழங்காலில் உலோக மூட்டு. ஜெர்மனியின் ஓல்டன்பர்கிலிருந்து கிளம்பிய எட்டு நாள் பேருந்துச் சுற்றுலாவில் ஊர்களைவிட அந்தக் காலைத்தான் எல்லோரும் அதிகம் கவனித்தார்கள். கடைசியாக ஏறுகிறவருக்கு வண்டியே கைதட்டும். அது வழக்கம், கேட்டால் வேடிக்கை என்பார்கள். ஆம்ஸ்டர்டாமில் தட்டினார்கள், ஆண்ட்வெர்ப்பில் தட்டினார்கள், கென்ட்டில் ஒரு புண்ணியவான் எழுந்து நின்றே தட்டினார். நாற்பது பேர் சேர்ந்து ஒரு கால்வலிக்காரியை வதைப்பதற்கு வேடிக்கை என்று பெயர் வைக்க நல்ல தைரியம் வேண்டும்.

ஒவ்வொரு முறையும் அவள் கணவன் ஓட்மார் கூனிக் குறுகிப்போனான். ரயில் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முன்வரிசைச் சீட்டாட்டக் கோஷ்டி இரண்டு நாளாகத்தான் அவனைச் சேர்த்துக்கொண்டிருந்தது. ப்ரூஜுக்குக் கிளம்பிய அன்று, காலை உணவின்போது, அவித்த முட்டையின் தலையைக் கரண்டியால் தட்டிக்கொண்டே சொன்னான்.

"இன்னொரு தடவ அவங்க கைதட்டினா, நீ யாருன்னே தெரியாதுன்னு சொல்லிடுவேன் வீப்கே."

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

ப்ரூஜ் நகரத்துக்காகத்தான் அவள் இந்தச் சுற்றுலாவையே தேர்ந்தெடுத்தாள். அதன் கால்வாய்ப் படம் அவள் சமையலறைச் சுவரில் வருடக்கணக்காகத் தொங்குகிறது. ஆனால் மற்றவர்கள் படகேறப் போனபோது, அவள் வண்டி நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று மணிக்கு வண்டி. இன்று மட்டும் கைதட்டு வாங்கக் கூடாது, வேறொன்றும் வேண்டாம். இரண்டரை மணி நேரம் பேருந்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பைத்தியக்காரத்தனம்தான். பயம் யாரை விட்டது?

வண்டிக் கதவு திறக்கும் சமயத்தில் கழிப்பறைக்குப் போக வேண்டியதாயிற்று. அங்கே நீண்ட வரிசை. வெளியே வந்து, காலை இழுத்து இழுத்து நடந்து, வண்டியை நெருங்கியபோது மணி இரண்டு ஐம்பத்தெட்டு. இன்னும் பத்தடிதான். அவளுக்குப் பெருமையாகவே இருந்தது.

முன் கதவு திறந்திருந்தது. வழிகாட்டி ப்ரூங்கன் தலை எண்ணுகிறவர் அல்ல. அவரவர் பக்கத்து ஆள் வந்தாயிற்றா என்று ஒலிபெருக்கியில் கேட்பார், யாரும் வாய் திறக்காவிட்டால் கிளம்பிவிடுவார். இன்று தனியாகவும் ஒன்று கேட்டார்.

"ஓட்மார், வீட்டம்மா வந்தாச்சா?"

ஓட்மார் ஜன்னலோரம் இருந்தான். அவளை நேராகப் பார்த்தான். அவள் ஒரு கையை உயர்த்தி, மணிக்கட்டுக் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாள். பார், நேரத்துக்கு வந்துவிட்டேன்.

"வந்தாச்சு," என்றான், அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே. "பின் சீட்ல படுத்திருக்கா. கெளம்புங்க."

கதவு மூடியது. ஓட்டுநர் மறுபக்கக் கண்ணாடியைப் பார்த்தபடி வண்டியைத் திருப்பினார். வீப்கே உயர்த்திய கையை இறக்காமலே நின்றாள். அவளுடைய கோட்டும் கைப்பையும் கைப்பேசியும் அவன் பக்கத்து இருக்கையில் போய்க்கொண்டிருந்தன.

இரண்டு நிமிடம் முன்னதாகவே புறப்பட்டதை ப்ரூங்கன் அறிவித்தார் போலிருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் வண்டி முழுவதும் சத்தமில்லாமல் கைதட்டியது. ஓட்மாரும் தட்டினான், இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி.