வண்டியை எடுக்காத ஆள்

பெருநகரத்தில் இரண்டு அறைக்குக் கொடுத்த வாடகையில், ஐந்து மணி நேரம் தள்ளியிருந்த சின்ன ஊரில் சொந்த வீட்டுக்கே தவணை கட்டலாம் என்று தெரிந்ததும் காப்பீட்டுக் கம்பெனி அதிகாரி மூட்டையைக் கட்டிவிட்டார். நான்கு அறை, இரண்டு பால்கனி, வாசலில் கொய்யா மரம். வீட்டிலிருந்தே வேலை என்பதால் ஆபீசில் மூச்சு விடவில்லை.

காரணம், மேலாளரின் சுற்றறிக்கை: செலவு குறைந்த ஊருக்குப் போகிறவர்களுக்கு அந்த ஊருக்கேற்ற சம்பளம்தான். சம்பளத்தில் கால்வாசி போனால் தவணை நிற்கும். தவணை நின்றால் கொய்யா மரம் வேறொருவருக்குக் காய்க்கும். அதோடு விட்டாரா? திங்கட்கிழமை வீடியோ கூட்டத்தில் உரை வேறு.

"நகரத்தோட நாடித்துடிப்பு காதுல விழணும். அப்பதான் வேலையில வேகம் வரும்!"

அதிகாரியின் காதில் மின்விசிறிதான் விழுந்தது. ஒருநாள் மேலாளரே கேட்டுவிட்டார்: "என்ன, உங்க பக்கம் ஒரேயடியா அமைதியா இருக்கு?"

நகரத்திலேயே இருந்த மைத்துனனை அன்றைக்கே அதிகாரி போனில் கூப்பிட்டார்.

"மச்சான், ஜன்னலைத் திறந்து வெச்சு, தெருச் சத்தத்தை ஒரு மணி நேரம் பதிவு பண்ணி அனுப்பு."

"அத்தான், அந்தச் சத்தம் தாங்காமதானே ஊரை விட்டே ஓடினீங்க?"

"அது காசில்லாம கிடைச்சப்போ அருமை தெரியலைடா."

பதிவு வந்தது. ஹாரன், நாய், பள்ளம் தோண்டும் இயந்திரம், நடுவில் யாரோ தொண்டை கிழிய, "யோவ், வண்டியை எடுய்யா!" கூட்டம் தொடங்கியதும் மனைவி அடுத்த அறையிலிருந்து, "நாடித்துடிப்பு போடட்டுமா?" என்று சைகையில் கேட்டு, தட்டிவிடுவாள்.

ஆறாவது வாரம், கூட்டம் முடிந்ததும் மேலாளர் தனியாக அழைத்தார்.

"ஒண்ணு கேக்கணும். ஆறு வாரமா, சரியா பத்தே காலுக்கு ஒருத்தன் வண்டியை எடுக்கச் சொல்றான். அந்த ஆளு இன்னுமா எடுக்கலை?"

"கொஞ்சம்... பிடிவாதக்காரர் சார்."

மேலாளர் பக்கமிருந்து, "ம்மா..." என்று கணீரென்று ஒரு குரல் கேட்டது.

"சார், அது..."

"மாடுதான்யா. நாலு மாசமா மிக்ஸின்னு சொல்லிச் சமாளிக்கிறேன்." குரல் இறங்கியது. "அந்தப் பதிவை எனக்கும் அனுப்புங்க. சுற்றறிக்கையை நான் பார்த்துக்கறேன்."

அதிகாரி அன்றைக்குத்தான் அந்த வீட்டில் நிம்மதியாகத் தூங்கினார்.

அடுத்த திங்கள் கூட்டத்துக்கு முதலாளியே வந்தார். பத்தே கால். அதிகாரி பக்கம், "யோவ், வண்டியை எடுய்யா!" மூன்று விநாடி கழித்து மேலாளர் பக்கம், அதே தொண்டை, "யோவ், வண்டியை எடுய்யா!"

முதலாளி நெற்றியைச் சுருக்கினார். "ரெண்டு பேரும் ஒரே தெருவா? சொல்லவே இல்லையே!"

"எதிரெதிர் வீடு சார்," என்றார் மேலாளர், கண் சிமிட்டாமல்.

"ரொம்ப நல்லதாப் போச்சு. புது ஆபீஸ் தயார். நாளையிலேர்ந்து ரெண்டு பேரும் ஒரே வண்டியில ஒன்பது மணிக்கு வந்துடுங்க."

திரை அணைந்தது. அதிகாரி நாற்காலியில் அப்படியே சரிந்தார். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"சம்பளம் தப்பிச்சுது, வீடும் தப்பிச்சுது. இப்ப ஏன் இடிஞ்சு போயிருக்கீங்க?"

"ஒன்பது மணிக்குப் போகணும்னா விடியக்காலை நாலு மணிக்குக் கிளம்பணும்டி!"

"அந்த மனுஷனும் ஏழு வாரமாக் கத்திட்டிருக்கான்," என்றாள் அவள். "இனிமேயாவது வண்டியை எடுங்க."