சோதனைச் சாவடியில் ஒரு குடுமி

மயில்வாகனம் அண்ணைக்கு நெருப்புக்காய்ச்சல் மாறியதும், அவருடைய தலைமுடியை நயினாதீவு அம்மனுக்குத் தருவதாக அம்மா நேர்ந்துவிட்டா. மலேசியாவில் வேலை பார்த்தபடியே அண்ணை முடியை வளர்த்தார். திருவிழாவுக்கு நாங்கள் இருவரும் யாழ்ப்பாணத்து ஊருக்குப் போக, சிங்கப்பூரில் விமானம் ஏறவேண்டும். மலேசியாவிலேயே சயன்ஸ் படிப்பித்துக்கொண்டிருந்த தங்கச்சி நான் வாடகைக் காரை ஓட்டினேன்.

அது ஆண்கள் நீளமுடியோடு சிங்கப்பூருக்குள் நுழையத் தடை இருந்த எழுபதுகள். சிங்கப்பூர் எல்லையில் இருந்த தமிழ் அதிகாரி அண்ணையைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன சார், ஹிப்பியா? இந்த முடியோட உள்ள விடமாட்டோம். பக்கத்துல சலூன் இருக்கு."

"அம்மனுக்கு நேர்ந்தது. இஞ்சை வெட்ட ஏலாது," என்றார் அண்ணை. பிறகு என்னிடம், "நீ போ பிள்ளை. நான் திரும்பிறன்," என்றார்.

சுவரில் படத்துடன் விதி ஒட்டியிருந்தது. ஆண்களின் முடி காதை மூடக்கூடாது, சட்டைக் கொலரைத் தொடக்கூடாது, புருவத்தில் விழக்கூடாது. எவ்வளவு நீளம் என்று எங்கும் இல்லை.

என் கொண்டையூசிகளைக் கழற்றினேன். அண்ணையின் முடியை அள்ளி உச்சியில் குடுமியாக முடிந்தேன்.

"ஐயா, இப்ப பாருங்கோ. மூண்டும் சரிதானே?"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அதிகாரி அண்ணையைச் சுற்றிவந்து படத்தைப் பார்த்தார்.

"எங்க தாத்தா மாதிரியே இருக்கீங்க, போங்க," என்று முத்திரை குத்தினார்.

நயினாதீவு வள்ளத்தில் அண்ணை எல்லோருக்கும் இதைச் சொன்னார். "என்ரை தங்கச்சி சயன்ஸ் படிச்சவள். சட்டத்தை வைச்சே சட்டத்தை மடக்கினவள்!"

நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஒரு சொல்லையும் தவறவிடவில்லை.