ஒரே நாள் சுற்று

கம்பெனித் தலைமையகத்துக்கு எதிரே, நடைபாதையில் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்து விமானப் பணிப்பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தாவ்யுவான் நகரத்து வெயில் மண்டையைப் பிளந்தது. கொண்டை போட்டே பழகிய தலைகளெல்லாம் தொப்பிக்குள் அலங்கோலமாகக் கிடந்தன. யாரோ ஒரு புண்ணியவான் அனுப்பிய பால் தேநீர் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது.

"ஊருக்கெல்லாம் ஊத்திக் குடுத்துட்டு, நமக்கு ஒருத்தர் கொண்டாந்து குடுத்தா வாங்கவே கூச்சமா இருக்குடி" என்றாள் ஷு-ஹுவா.

"சும்மா குடிங்கக்கா. தட்டைத் தூக்கிட்டு வாங்கன்னு சொல்ல மாட்டேன்" என்று சிரித்தாள் யூனியன் செயலாளர் மிங்-ச்சி. வேலையில் இளையவள், வாய் மட்டும் எல்லோரையும்விட மூத்தது.

'ஒரே நாள் சுற்று' வேண்டாம் என்பதுதான் சண்டை. விடியுமுன் கிளம்பி வெளிநாடு போய், விமானத்தை விட்டு இறங்காமலே வந்தவர்களை இறக்கி, அடுத்தவர்களை ஏற்றிக்கொண்டு அப்படியே திரும்பும் வேலைக்கு அந்தப் பெயர். பக்கத்து ஊர்களுக்கு மட்டும் என்றிருந்ததைக் கம்பெனி தூரத்து ஊர்களுக்கும் இழுத்துவிட்டது. போன இடத்தில் இறங்கி ஒரு ராத்திரி தூங்க விடுங்கள் என்று கேட்டுக் கேட்டுத் தொண்டை வற்றிப்போய், எல்லோரும் பாஸ்போர்ட்டையும் சீனாவுக்குள் நுழையும் அனுமதி அட்டையையும் யூனியன் பெட்டியில் போட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். கையில் அவை இல்லாதவளை மிரட்டியும் பறக்கவைக்க முடியாது, கெஞ்சியும் முடியாது.

ஷு-ஹுவா பாதித் தேநீர்கூடக் குடித்திருக்க மாட்டாள். அம்மா போனில் கூப்பிட்டாள்.

"அப்பா பட்டறையில விழுந்துட்டாருடி! மூளையில ரத்தம் கசியுதாம். உடனே அறுக்கணுமாம், சொந்தக்காரங்க நேர்ல வந்து கையெழுத்துப் போட்டாத்தான் செய்வாங்களாம். எனக்குச் சீனா போற அட்டையே கிடையாதே, நீ ஓடுடி!"

அப்பா சீனாவில், குவாங்சோ நகரத்தில் அச்சு வார்க்கும் பட்டறையில் மேஸ்திரி. போன வாரம்தான், "உன் வேலைநிறுத்தத்தால எனக்கு ஊருக்கு வர டிக்கெட் இல்ல, பாத்துக்கோ" என்று போனில் கேலி செய்தார். ஷு-ஹுவா எழுந்து மிங்-ச்சியிடம் ஓடினாள்.

மிங்-ச்சி விஷயத்தைக் கேட்டதும் பெட்டியைத் திறந்து அவளுடைய பாஸ்போர்ட்டையும் அட்டையையும் தேடி எடுத்துக் கையில் திணித்தாள். "இதுக்கெல்லாம் நிக்கலாமாக்கா? ஓடுங்க! இங்க நாங்க பாத்துக்கறோம்."

விமான நிலையத்தில் டிக்கெட் கவுன்ட்டர் கவுன்ட்டராக அலைந்தாள். ஒரு சீட்டு இல்லை. வேலைநிறுத்தத்தால் தவித்த பயணிகள் மற்ற கம்பெனி விமானங்களை முழுக்க நிரப்பியிருந்தார்கள். ஹாங்காங் வழியும் அடைத்துக் கிடந்தது. நாமே சுவர் கட்டி நாமே முட்டிக்கொள்கிறோமே என்று அவளுக்கு அழுகை வந்தது. அப்போது மேலாளர் கூ அழைத்தார்.

"பாஸ்போர்ட்டை வாங்கிட்டுப் போனியே? மாடியிலேர்ந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். என்னம்மா ஆச்சு?"

சொன்னாள். சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் அந்த நேரத்தில் யார் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள்.

"மத்தியானம் நம்ம குவாங்சோ விமானம் ஒண்ணு நிக்குது. பறக்க ஒரு ஆள் குறையுது. நீ யூனிஃபார்ம் போட்டா பறக்கும், இல்லன்னா ரத்து."

"சார், நான் அங்க இறங்கியாகணும். திரும்பி வர முடியாது."

"யாரு வரச் சொன்னா? அங்க மாத்து ஆள் தயாரா இருக்கு. நீ போய் அப்பாவைப் பாரு. நானும் பொண்ணு பெத்தவன்தான்."

அலுவலகப் பெண் ஒருத்தி ஷு-ஹுவாவின் அலமாரியிலிருந்தே யூனிஃபார்மைக் கொண்டுவந்திருந்தாள், கொண்டை வலை உட்பட. உடுத்திக்கொண்டு வெளியே வந்தால் கூ நின்றிருந்தார். கை நீட்டினார். இவளும் பழக்கதோஷத்தில் கை கொடுத்தாள். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. எதற்குப் படம் எடுக்கிறார்கள் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. அப்பா, அப்பா என்று மட்டும் உள்ளே அடித்துக்கொண்டிருந்தது.

பறந்த நேரம் முழுக்கக் கோழியா மீனா, காபியா தேநீரா என்று கேட்டாள். எல்லோரிடமும் சிரித்தாள். கழிப்பறைக்குள் போய் அழுதுவிட்டு முகம் துடைத்துக்கொண்டு வந்தும் சிரித்தாள்.

குவாங்சோவில் கடைசிப் பயணி இறங்கியதும் தன் பையை எடுத்துக்கொண்டு கதவருகே போனாள். தலைமைப் பணிப்பெண் ஃபாங் திரும்பிப் பார்த்தாள்.

"எங்க போறே?"

"எனக்கு மாத்து ஆள் வந்திருக்குமே, கூ சார் சொன்னாரே."

"மாத்து ஆளா? எந்த மாத்து ஆள்? எங்கிட்ட யாரும் சொல்லலையே!" ஃபாங்கின் முகமும் வெளிறிப்போயிற்று.

கதவுக்கு வெளியே உள்ளூர்க் காவலர் நின்றிருந்தார். ஷு-ஹுவா அட்டையை நீட்டினாள். "அப்பா ஆஸ்பத்திரியில கிடக்கறாருங்க. கையெழுத்துப் போடணும், ஒரே ஒரு கையெழுத்து."

"நீங்க பயணியா வரலையே. இறங்கறவங்கள்ல உங்க பேரைக் கம்பெனி குடுக்கல. இந்த விமானத்துலயே திரும்பறவங்களை நான் விட முடியாது." குரலில் கடுமை இல்லை. வழியை மட்டும் விடவில்லை.

கூ வெகுநேரம் கழித்துப் போனை எடுத்தார். "மாத்து ஆள் கிடைக்கலம்மா. இப்ப நீ இறங்கிட்டா அத்தனை பயணிகளும் அங்கேயே மாட்டிக்குவாங்க. திரும்பி வா, நாளைக்கு முதல் சீட்டு உனக்குத்தான்."

"நாளைக்கா? இன்னிக்குப் போட்டாத்தான் அறுப்பாங்க சார்! நாளைக்கு வந்து நான் எதுல கையெழுத்துப் போடறது?"

"கத்தாதே. ஒரே நாள் சுற்றுதானே, உனக்குப் புதுசா?"

அடப்பாவி என்பதற்குள் போன் அணைந்துவிட்டது. கையிலிருக்கும்போதே அது மறுபடி அதிர்ந்தது. மிங்-ச்சி ஒரு படம் அனுப்பியிருந்தாள். கூவின் கையைப் பிடித்தபடி யூனிஃபார்மில் ஷு-ஹுவா. கீழே, 'மனம் மாறிப் பணிக்குத் திரும்பினார், மற்றவர்களும் திரும்புகிறார்கள்' என்று கம்பெனியின் செய்தி. அதற்கும் கீழே மிங்-ச்சியின் ஒரே வரி: "அக்கா, இது நீங்களா?"

பதில் தட்டத் தொடங்கினாள். அதற்குள் அப்பாவின் பட்டறைப் பையன் அழைத்தான். "வெளிய வாசல்ல நிக்கறேன்க்கா. அட்டையில உங்க பேரைப் பெருசா எழுதிப் பிடிச்சிருக்கேன். டாக்டர் கேட்டுக்கிட்டே இருக்காரு, சீக்கிரம் வாங்க."

"தம்பி..." என்றாள்.

விமானத்தில் ஏறும் பாலத்தில் பயணிகள் வரிசையாக வரத் தொடங்கினார்கள். ஃபாங் அவள் தோளைத் தொட்டாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டு தன் இடத்துக்குப் போனாள். ஷு-ஹுவா கதவருகே நின்று ஒவ்வொருவராக வரவேற்றாள். கதவை மூடினார்கள்.

விமானம் நகர்ந்தபோது இருக்கைகளுக்கு நடுவே போய் நின்றாள். ஒலிபெருக்கி பாதுகாப்பு விதிகளைச் சொல்லத் தொடங்கியது. ஏப்ரன் பையில் போன் நிற்காமல் அதிர்ந்துகொண்டிருந்தது. ஷு-ஹுவா இரண்டு கைகளையும் நீட்டி, முன்னால் இரண்டு, நடுவில் இரண்டு, பின்னால் இரண்டு என்று வெளியேறும் வழிகளைக் காட்டினாள்.