கிர்ஸ்டன் அழித்த படம்

கிர்ஸ்டன் மறுபடி வந்திருக்கிறாள் என்று கேட்டதும் மிச்சூ களைக்கொத்தைப் போட்டது போட்டபடி மலைநெல் காட்டிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். மலையூர்களைப் படம் எடுக்க வரும் அந்த டேனிஷ்காரியை அவளைப்போல் யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

போன முறை அவளை ஊரைவிட்டு விரட்டாத குறையாகத் திட்டியவளும் மிச்சூதான். மகள் மிதோ அப்போது நிறைமாதம். குழாயடியில் வெள்ளிக் காசு தைத்த தலையணியைக் கழற்றி வைத்துவிட்டுத் தலை அலசிக்கொண்டிருந்தவளை கிர்ஸ்டன் கேட்காமல் படம் எடுத்துவிட்டாள். தலையணி இல்லாத தலையை வெளியார் பார்ப்பதே ஆகாது, அதிலும் வயிற்றுப்பிள்ளைக்காரி. பிள்ளையின் உயிரை அந்தப் பெட்டி உறிஞ்சிவிடும் என்று மிச்சூ கத்திய கத்தலில் கோழிகள்கூடச் சிதறின. மிதோ மட்டும் ஈரத்தலையோடு சிரித்தாள். வழிகாட்டி ஆஜே நடுவில் புகுந்து சமாதானம் பேசினான். கிர்ஸ்டன் முகம் சிவந்து, நகல் எதுவும் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று வாக்குக் கொடுத்து, மிச்சூவின் கண்ணெதிரிலேயே படத்தை அழித்தாள்.

பிள்ளை பிழைத்தது. மிதோ பிரசவத்தில் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. மகளின் முகம் மிச்சூவிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நழுவியது. மச்சம் இடது கன்னத்தில் என்பாள் அவள். வலது என்பான் புருஷன். பெற்றவளுக்கே தெரியவில்லையே என்று நெஞ்சு வெடித்தது. ஒரு நப்பாசைதான் அவளைத் தாங்கியது. படம் எடுக்க வருகிற வெளிநாட்டார் பலர் அழித்தேன் என்று சொல்லிவிட்டுப் படத்தை ஒளித்து வைத்துக்கொள்வார்கள். இவளும் அப்படியொரு திருடியாக இருக்க வேண்டும் என்று முன்னோருக்குப் படையல் வைக்கும்போதெல்லாம் வேண்டிக்கொண்டாள்.

கிர்ஸ்டன் இம்முறை அவரவர் படத்தை அச்சடித்துக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். மிச்சூ வருவதைப் பார்த்ததும், கிர்ஸ்டன் மறுபடி வசவு வாங்கப்போகிறாள் என்று பெண்கள் கேலி பேசினார்கள். மிச்சூ அவர்களைத் தள்ளிக்கொண்டு போய் ஆஜேயின் கையைப் பிடித்தாள்.

"அவகிட்ட கேளுடா ஆஜே. திட்டமாட்டேன்னு சொல்லு. எம்பொண்ணு படத்த ஒளிச்சு வச்சிருந்தா குடுக்கட்டும்."

ஆஜே மிதோ செத்ததையும் சொல்லிக் கேட்டான். கிர்ஸ்டன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு தலையை அசைத்து மெல்ல ஏதோ சொன்னாள்.

"இல்லியாம் சின்னம்மா. அன்னிக்கே அழிச்சதுதானாம். உங்களுக்குக் குடுத்த வாக்க மீற மனசு வரலியாம்."

மிச்சூ அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"எத்தனையோ பேரு வந்து ஏமாத்துறாங்க. இவளுக்கு மட்டும் எதுக்குடா இந்த நல்ல புத்தி?"

ஆஜே அதைக் கிர்ஸ்டனிடம் சொல்லவில்லை.