பவளக்காவின் கண்

வளர்க்கும் மீன் செத்தால் யாராவது சந்தோஷப்படுவார்களா? பத்மா பட்டாள். கடல் கடந்து குடியேறிய கெல்லிவில் வீட்டு ஹாலில், வடகிழக்கு மூலையில், தொட்டியில் சரியாக ஒன்பது மீன் இருக்க வேண்டும் என்று வாட்ஸ்அப் வீடியோவில் ஒரு வாஸ்துக்காரர் சொல்லியிருந்தார். ஒன்று செத்தால், வீட்டுக்கு வரவிருந்த கண்திருஷ்டியை அது வாங்கிக்கொண்டது என்று அர்த்தமாம். முதல் மீன் மல்லாந்து மிதந்த அன்று, "அப்பாடா, பெருசா என்னமோ கழிஞ்சதுங்க" என்று கணவர் கிருஷ்ணசாமிக்குக் காபியில் சர்க்கரை கூடப் போட்டுக் கொடுத்தாள்.

வாஸ்துக்காரர் சொன்னது தங்கமீன். கிருஷ்ணசாமிக்கு அது சப்பென்றிருந்தது. நாலடித் தொட்டி வாங்கிவிட்டுத் தங்கமீனா விடுவது என்று சிக்லிட் என்கிற ஆப்பிரிக்க மீன்களை வாங்கி வந்துவிட்டார். நீலமும் மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பார்க்க அழகுதான், இல்லையென்று யார் சொன்னது! ஆனால் குணம்? ஐயோ! அதிலும் கறுப்புப் பட்டை போட்ட ஒரு நீலப்பயல், பெரிய கல்லின் பொந்தைப் பிடித்துக்கொண்டு, கிட்டே வந்தவனையெல்லாம் தொட்டியின் அந்தக் கோடி வரை விரட்டுவான். பத்மா அவனுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்தாள். "பாருங்களேன், எப்படி ஓடிப் பிடிச்சு விளையாடுதுங்க!" என்று ரசிக்கவும் செய்தாள். அவ்வளவு வெகுளி.

ஒன்று செத்தால் கிருஷ்ணசாமி சனிக்கிழமை செவன் ஹில்ஸில் இருக்கிற வளர்ப்புமீன் கடைக்குப் போய் ஒன்றே ஒன்று வாங்கி வருவார். கணக்கு ஒன்பதாகிவிடும். திங்கட்கிழமை காலையில் அந்தப் புதுமீன் மிதக்கும். இரண்டு தரம் பத்மா மகிழ்ந்தாள். மூன்றாவது தரம் யோசித்தாள். நாலாவது தரம் செத்ததையெல்லாம் விரல்விட்டு எண்ணினாள். ஒரு வீட்டுக்கு இவ்வளவு கண்ணா? யாருடையது? ஞாயிற்றுக்கிழமை இந்த வீட்டுக்கு யார் வருகிறார்கள்?

பவளம்தான் வருவாள். இரண்டு தெரு தள்ளி இருக்கிற யாழ்ப்பாணத்துக்காரி. பத்து வருஷமாக, ஞாயிறு நாலு மணி என்றால் பத்மா வீட்டில்தான் அவளுக்குத் தேநீர். பத்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனபோது பதினாறு நாள் சோறு கொண்டுவந்து கொடுத்தவள். அப்பேர்ப்பட்டவள் தொட்டி முன்னால் நின்று, "என்ன வடிவு பத்மா! இந்த மஞ்சள் புதுசோ?" என்பாள். வடிவு என்றால் அவள் ஊரில் அழகு. மறுநாள் மஞ்சள் காலி. "இந்தச் சிவப்புக்குட்டியைப் பாரும்!" மறுநாள் அதுவும் காலி.

நினைக்கவே பத்மாவுக்கு அசிங்கமாக இருந்தது. ஆனாலும் நினைத்தாள். அடுத்த ஞாயிறு தலைவலி என்று சொன்னாள். அதற்கடுத்த வாரம், கோயிலுக்குப் போகிறோம் என்றாள். மூன்றாவது வாரம் பவளம் போன் செய்யவே இல்லை. நாலு மணிக்கு பத்மா ஒரு கப் தேநீரோடு தனியாக உட்கார்ந்தாள். வாயில் வைக்க முடியவில்லை. நல்ல வேளை பார்த்து அன்றைக்கு இன்னொரு மீனும் செத்துத் தொலைந்தது. பவளம் வீட்டுப்பக்கமே வராதபோது!

அடுத்த சனிக்கிழமை கிருஷ்ணசாமிக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. கடைக்கு பத்மாவே போனாள். தொழிற்பேட்டைக்குள் ஒரு தகரக் கொட்டகை, அதில் நூறு தொட்டி. கடைக்காரன் சிறி, "ஒண்டோ அன்ரி?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"ஏன்ப்பா சிரிக்கிற?"

"உங்கட அங்கிளுக்கு மூண்டு தரம் சொன்னனான் அன்ரி. ஒண்டு ஒண்டா விட்டா அந்த நீலம் அடிச்சுக் கொல்லுமெல்லே! இது நெருக்கமா இருக்கவேண்டிய மீன். பன்னிரண்டை ஒண்டாச் சேர்த்து விடுங்கோ, ஆரை அடிக்கிறதெண்டு அதுக்கு விளங்காது. விடுறதுக்கு முதல் கல்லெல்லாத்தையும் மாத்தி அடுக்குங்கோ. தன்ர இடம் எதெண்டு தெரியாட்டிச் சண்டித்தனம் அடங்கும்."

பத்மா அங்கேயே கிருஷ்ணசாமிக்குப் போன் போட்டாள். "சொன்னாருதான்... நீதானே ஒன்பதுக்கு மேல ஒண்ணு கூடக் கூடாதுன்னு ஆடினே" என்று அவர் முனகினார். "வீட்டுக்கு வந்து பேசிக்கிறேன் உங்களை!" என்று வைத்தாள். கோபம் அவர் மேல் பாதி, தன் மேல் முழுசு.

பன்னிரண்டு மீனும் நாலு பைகளில் காரில் தளும்ப, அவள் நேராக வீட்டுக்குப் போகவில்லை. பவளம் வீட்டு மணியை அடித்தாள்.

கதவைத் திறந்த பவளம், "வாரும்" என்றாள். குரலில் பழைய சூடு இல்லை.

"பவளக்கா, நான் ஒண்ணு சொல்லணும். சொன்னா என்னைத் திட்டுவீங்க. மீன் சாகறதுக்கு உங்க கண்ணுதான் காரணம்னு நெனச்சுட்டேன். அதான் கூப்பிடலை. தலைவலியெல்லாம் பொய்."

பவளம் கதவைப் பிடித்தபடியே நின்றாள். "கோயிலுக்கெண்டு சொன்ன அண்டைக்கு உம்மட ரெண்டு காரும் வாசலிலதான் நிண்டது. நான் நடந்து வரேக்க பார்த்தனான். வேற ஆரும் நினைச்சிருந்தா எனக்கு ஒண்டுமில்லை. நீர் நினைச்சதுதான் நொந்துபோச்சு."

பத்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதேவிட்டாள். "என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். வாங்கக்கா, கார்ல பன்னெண்டு மீன் இருக்கு. நீங்களே உங்க கையால விடுங்க."

"நான் வரமாட்டன். நாளைக்கு ஒண்டு செத்துக்கிடந்தா?"

"செத்தா செத்துட்டுப் போகுது! நீங்க வரலைன்னா பையை உங்க வாசல்லயே வச்சுட்டுப் போயிடுவேன்."

பவளம் பைகளைப் பார்த்தாள், பத்மாவின் அழுது சிவந்த மூக்கைப் பார்த்தாள், செருப்பை மாட்டிக்கொண்டாள்.

இடுப்புப் பிடிப்பையும் மறந்து கிருஷ்ணசாமி தோள்வரை கையை நனைத்துக் கல்லெல்லாம் மாற்றி அடுக்கினார். பரிகாரம் செய்கிறாராம், செய்யட்டும். பவளம் ஒவ்வொரு பையாகத் தண்ணீரில் மிதக்கவிட்டு, பொறுத்திருந்து, மெல்ல அவிழ்த்து விட்டாள். இருபது மீன்! தொட்டி ரங்கநாதன் தெரு மாதிரி ஆகிவிட்டது. இன்ஸ்பெக்டர் தன் பொந்தைத் தேடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைந்தான், ஒருவனை விரட்டப் போய் நடுவில் இன்னொருவன் குறுக்கிட, யாரை விரட்டினோம் என்றே மறந்து நின்றான். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் பவளம் மீனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. உதட்டை இறுக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்கக்கா. எது நல்லாருக்கு?"

"வேண்டாம் பத்மா."

"சொன்னாத்தான் விடுவேன்."

பவளம் ஓர் ஆரஞ்சுக்குட்டியைக் கையால் காட்டினாள். "வடிவு" என்றாள், காதில் விழாத குரலில்.

மறுநாள் காலை பத்மா பல்லைக்கூடத் துலக்காமல் தொட்டி முன் நின்று எண்ணினாள். பத்தொன்பது. மறுபடி எண்ணினாள். ஃபில்டர் குழாயோரம் அந்த ஆரஞ்சுக்குட்டி ஒட்டிக் கிடந்தது. வாலைக் காணோம்.

பொய் எதற்கு, அந்தப் பழைய நினைப்பு ஒரு நொடி எட்டிப் பார்க்கத்தான் செய்தது. பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்ததாயிற்றே, ஒரே ராத்திரியில் போய்விடுமா? அப்போது போன் அடித்தது. பவளம்தான்.

"எண்ணினீரே?"

எல்லாம் இருக்கு என்று சொல்ல ஒரு நொடி போதும். பத்மா வாயைத் திறந்து, மூடி, திறந்தாள். "எண்ணிட்டேன்க்கா. பத்தொம்பது இருக்கு. ஒண்ணு செத்துருச்சு."

"எது?"

"நீங்க வடிவுன்னு சொன்னீங்களே, அதுதான். வாலை முழுசாக் கடிச்சு வச்சிருக்கான் இந்தக் கொலைகாரப் பாவி. எனக்கு அதைத் தொடவே அருவருப்பா இருக்கு, இவருக்கு இடுப்பு நிமிரலை. நாலு மணி வரைக்கும் காத்திருக்க முடியாது, நீங்க இப்பவே வந்து எடுத்துப் போடுங்க. அப்புறம் அந்த மஞ்சளைப் பார்க்கணும் நீங்க, என்னமா இருக்கு தெரியுமா!"

பவளம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"தேத்தண்ணிக்குத் தண்ணியை வையும், விசர்ப் பிள்ளை" என்று பழைய சூட்டோடு திட்டினாள். "இந்தா வாறன்."